ஒரு சோடி ஸ்பீக்கரும் ஒரு சாக்கு ஒடியலும்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பழைய சாமானுக்கு விலை சொல்வதற்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள மகனோ மருமகனோ அதை வாங்கியபோது எத்தனை பிராங்க், எத்தனை டொலர் கொடுத்தார் என்பதை ஞாபகத்தில் வைத்திருப்பார்கள். அதை இன்றைய நாணய மாற்று விலையால் பெருக்குவார்கள். கணக்கு முடிந்தது. தேய்மானம், கழிவு என்ற பேச்செல்லாம் அரசாங்கக் கந்தோரோடு சரி. 2022 இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் நின்றது. சில மாதங்களுக்குள் 360 ஐத் தொட்டது. அந்தச் சில மாதங்களில் வேலணை தொடக்கம் நெடுந்தீவு வரை அலுமாரிக்குள் கிடந்த பழைய கமெரா, மிக்சி, தையல் மெசின் எல்லாம் கிடந்த இடத்திலேயே விலை ஏறிக்கொண்டன. சாமான் பழசாகிற வேகத்தைவிட எங்கள் ரூபா பழசாகிற வேகம் கூடிவிட்டால் வேறு என்ன நடக்கும்?

இந்தக் கணக்கை உடைத்து நியாயமான விலை சொல்லக்கூடிய நிபுணர் ஒருவர் எங்கள் சுற்றத்தில் இருக்கிறார். நான்தான். பிரதேச சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இந்தப் பதவி எப்படிக் கிடைத்தது என்று கேட்கலாம். 1990 இல் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து உயிர்ப்பிக்கப் பார்ப்போம். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து பிபிசி தமிழோசை கேட்போம். வயர் இழுத்தது நான். பெடல் சுற்றியது தம்பி. செய்தி முடிந்து கசெற்றில் பாட்டுப் போட்டால், அவன் களைக்கக் களைக்கப் பாடகரின் குரலும் கீழே இறங்கும். சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலை நாங்கள் எல்லாச் சுருதியிலும் கேட்டவர்கள். அப்படிப் பழகிய காதைக் கொண்டுதான் இன்று நான் ஸ்ரூடியோ ஸ்பீக்கர்களுக்குத் தரம் சொல்கிறேன்.

தம்பி இப்போது கனடாவில் வசதியாக இருக்கிறான். வயர் இழுத்த நான் இங்கே நிபுணராக இருக்கிறேன்.

நான் தரம் பார்த்து வாங்கிய சாமான்கள் பின்விறாந்தை அறை முழுக்க இருக்கின்றன. மனைவி அந்த அறைக்கு வைத்த பெயர் சவச்சாலை. காலைத் தேத்தண்ணியோடு வந்து, கேட்காமலே, "சவச்சாலையிலை இடமில்லை, சொல்லிப்போட்டன்" என்று அவள் சொன்னால், நான் முதல்நாள் இரவு போனில் யாரோடோ வோல்ற், வாற்ஸ் என்று கதைத்தது அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் காதுக்குத் தரம் பார்க்கத் தேவையில்லை.

இம்முறை சாமான் நெடுந்தீவில் இருந்தது. ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர், மனைவி வழியில் சொந்தம். அவருடைய மகன் சுவிஸில் படுக்கையறை மூலையில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்து, கலியாண வீடியோக்களுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தவர். பிள்ளை பிறந்தது, தொட்டிலுக்கு இடம் தேவைப்பட்டது, தொட்டிலா ஸ்பீக்கரா என்று மருமகள் கேட்டிருக்கிறார். பழைய உடுப்பு, சொக்கிலேற், சின்னச் சைக்கிள் எல்லாவற்றோடும் சேர்ந்து ஸ்பீக்கர் சோடி கப்பல் பெட்டியில் ஊருக்கு வந்துவிட்டது. மாஸ்ரர் சொன்ன விலை 250,000 ரூபா.

"தம்பி, இது கலியாணவீட்டிலை கட்டுற பொக்ஸ் இல்லை. ஸ்ரூடியோ சாமான். பிராங்கிலை வைச்சுப் பார்க்க வேணும்."

எந்தக் கம்பனி என்று நான் சொல்லப்போவதில்லை. கம்பனிக்காரர் நல்லவர்கள், பெட்டியும் நல்லது, பெட்டி பட்ட பாட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

ஸ்ரூடியோ மொனிற்றர் என்பது பாட்டை அழகாக்கிக் காட்டுகிற ஸ்பீக்கர் அல்ல. ஒலிப்பதிவில் எங்கே பிழை இருக்கிறது என்று ஒலிப்பதிவாளருக்குக் காட்டிக்கொடுக்கிற பெட்டி. பின்லாந்தில் ஜெனலெக் கம்பனி 1978 இல் தொடங்கியதே இதற்காகத்தான். அந்நாட்டு வானொலிக்காரரின் தேவைக்காக அம்பிளிபையரையும் பெட்டிக்குள்ளேயே வைத்துச் செய்த எஸ்30 தான் அவர்களுடைய முதல் ஸ்பீக்கர். அதே 1978 இல் யப்பானின் யமஹா, என்எஸ்-10 என்று வெள்ளைக் கூம்பு வைத்த ஒரு பெட்டியை வீட்டுப் பாவனைக்கு விட்டது. வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, விமர்சகர்களும் திட்டினார்கள். ஆனால் ஒலிப்பதிவாளர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. அதன் மேல்சத்தம் காதைக் குத்தியதால் ருவீற்றருக்கு முன்னால் ரிசு பேப்பர் ஒட்டி வேலை செய்தார்கள். கூம்புக்கு வேண்டிய கூழ் கிடைக்காமல் 2001 இல் உற்பத்தியை நிறுத்தும்வரை உலகத்து ஸ்ரூடியோக்கள் பலவற்றுக்கு அந்த வெள்ளைக் கூம்புதான் அடையாளம். 2008 இல் அதற்குத் தொழில்நுட்பக் கிராமி விருதும் கிடைத்தது. வீட்டில் வேண்டாம் என்று தள்ளிய ஒன்று வெளியே மதிப்போடு வாழ்ந்த கதை இது. மனைவிக்கு நான் அடிக்கடி சொல்லும் கதையும் இதுதான்.

என்எஸ்-10 க்கு அம்பிளிபையர் வெளியே. மாஸ்ரரின் பெட்டிகளுக்கு உள்ளே. விலை பார்க்கிறபோது இந்த வித்தியாசம்தான் தலையான விசயம். அம்பிளிபையர் வெளியே இருந்தால், வண்டியும் மாடும் வேறு வேறு. மாடு செத்தால் இன்னொரு மாட்டைக் கட்டலாம். உள்ளே இருந்தால் மாடும் வண்டியும் ஒட்டிப் பிறந்த பிறவி. அதிலும் கீழ்ச்சத்தம் தருகிற வூபருக்கு ஒரு அம்பிளிபையர், மேல்சத்தம் தருகிற ருவீற்றருக்கு ஒரு அம்பிளிபையர், சத்தத்தைப் பிரித்துக்கொடுக்கும் சுற்று அதற்கும் முன்னால். ஏதாவது ஒன்று போனாலும் வெளியிலிருந்து வேறு எதையும் கொழுவிச் சமாளிக்க முடியாது. மரப்பெட்டி ஐம்பது வருசம் இருக்கும். காந்தம் அதைவிடக் கூட இருக்கும். உள்ளே சூட்டில் கிடந்து வேகும் கப்பாசிற்றர்கள் அவ்வளவு காலம் தாங்காது. சூடு பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர் வாய்ப்பாடு. சுவிஸ் குளிரில் இருந்து நெடுந்தீவு வெயிலுக்கு வந்த கப்பாசிற்றரை நினைத்துப்பாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து வந்த சாமானாக இருந்தால் இன்னொரு கண்டமும் உண்டு. அங்கே 120 வோல்ற், இங்கே 230. பின்பக்கத்தில் மாற்றுகிற சுவிச் இல்லாத பெட்டியை நேரே செருகினால் அது ஒரே ஒருமுறை பாடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பெட்டி பாடியதை நான் கேட்டிருக்கிறேன். பாட்டைவிட மணம் கூட. சுவிஸ் சாமானுக்கு இந்தப் பயம் இல்லை, அங்கேயும் 230 தான். மாஸ்ரருக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் விலை போடுவார்.

குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கையில் ரோச் லைற், ஒரு வயர், போனில் தவில் வாசிப்பு ஒன்று, மனைவி தந்துவிட்ட பணம். பணத்தின் அளவை அவள் தீர்மானித்திருந்தாள், நிபுணத்துவம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதுவே எல்லை. தவில் வாசிப்பு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியுடையது. 1975 இல் மறைந்த அந்த மேதையின் வாசிப்பைப் பழைய கசெற்றிலிருந்து போனுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரைச் சோதிக்கத் தவிலைவிட நல்ல சாமான் இல்லை. வலந்தலை ருவீற்றரைக் கேள்வி கேட்கும், தொப்பி வூபரைக் கேள்வி கேட்கும், இரண்டும் ஒரே அடியில் வந்தால் அம்பிளிபையர் பதில் சொல்லியாக வேண்டும்.

பவளக்கல் மதில்களைத் தாண்டி மாஸ்ரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்பீக்கர்கள் சாமி அறை வாசலில், வெள்ளைத் துணி போர்த்தி, பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற ஆயத்தத்தோடு இருந்தன. துணியை நீக்கினார். நான் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்தேன். இரண்டும் அடுத்தடுத்த இலக்கம். பிறக்கும்போதே சோடி, ஒன்று செத்து வேறொன்றைச் சேர்த்த சோடி அல்ல. மனதுக்குள் விலையைக் கொஞ்சம் ஏற்றினேன். முகத்தில் காட்டவில்லை. அலுவலகத்தில் முப்பது வருசமாக முகத்தில் எதையும் காட்டாமல் பழகியது இதற்குத்தான் உதவியது.

பிறகு பாஸ் வருகிற துளைக்குள் ரோச் அடித்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை, ஒரு இருபது ராப்பன் சுவிஸ் காசு. பேரப்பிள்ளை போட்டிருக்க வேண்டும். மாஸ்ரர் கையை விட்டுக் காசை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது விலையிலை சேராது தம்பி" என்றார். பல்லி முட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; அது விலையில் சேர்ந்தது.

அடுத்தது வூபரின் விளிம்பு. பழைய ஸ்பீக்கர் பார்க்கிறவர்கள் எல்லோரும் விரல் வைக்கிற இடம் இது. கூம்பையும் சட்டத்தையும் இணைக்கிற வளையம் ரப்பராக இருந்தால் பயமில்லை. ஸ்பொஞ்சாக இருந்தால், பெட்டியைப் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது பத்து, இருபது வருசத்தில் தானாகவே உதிரும். ஈரக்காற்று அதை இன்னும் விரைவாகத் தின்னும். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரைப்பற்றிக் கேட்கவே வேண்டாம். மாஸ்ரரின் பெட்டிகளுக்கு ஸ்பொஞ்சு. வலப்பக்கத்தில் மெதுவாக விரலை வைத்தேன், ஓரளவு தாங்கியது. இடப்பக்கத்தில் வைத்தேன். விரலோடு வந்துவிட்டது.

"அது தூசி தம்பி."

"இல்லை அண்ணை, இது விளிம்பு."

"துடைச்சால் போகும்."

"போகும் அண்ணை. முழுக்கப் போகும்."

கரண்டில் கொழுவினோம். நெடுந்தீவுக்கு அப்போது மின்சாரம் டீசல் ஜெனரேற்றரிலிருந்து வந்துகொண்டிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்கிற வேலையை 2021 இல் ஒரு சீனக் கூட்டுக் கம்பனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா முகம் சுளித்தது, அது நின்றது, பிறகு இந்தியாவே 11 மில்லியன் டொலர் நன்கொடையில் செய்து தருவதாக 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்ட தீவில் நானும் மாஸ்ரரும் ஒரு பிளக்கைச் செருகிவிட்டு என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டும் உயிர்த்தன. கூடவே ஒரு "ம்ம்ம்" என்ற சத்தம். எங்கள் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தரம் ஆடுவது. மின்வழங்கிக் கப்பாசிற்றர் காய்ந்தால் அதன் இருமடங்கு, 100 ஹேர்ட்ஸ் இரைச்சலாக வெளியே வரும். போனுக்குப் போன வயரைக் கழற்றிவிட்டுக் கேட்டேன், இரைச்சல் நிற்கவில்லை. அப்படியானால் வருத்தம் வயரில் இல்லை, பெட்டிக்குள்தான். இதை மாஸ்ரருக்கு விளக்கினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுருதி பிடிக்குது தம்பி. நல்ல சாமான் எண்டால் அப்படித்தான்" என்றார்.

தவிலைப் போட்டேன். இடப்பக்க விளிம்பு படபடத்தாலும், வலப்பக்கம் மட்டும் கேட்டபோது நான் சொல்ல நினைத்த குறைகளெல்லாம் தொண்டையோடு நின்றுவிட்டன. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. வாசிப்புக்கு நடுவே சபையில் யாரோ செருமியதுகூடக் கேட்டது. அத்தனை வருசமாக அந்தக் கசெற்றைக் கேட்டும் அந்தச் செருமல் எனக்குத் தெரியாது. கூடவே கசெற்றின் "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலும் ஒளிவுமறைவில்லாமல் அறை நிறைய வந்தது. காட்டிக்கொடுப்பதுதானே இந்தப் பெட்டியின் தொழில். குசினிக்குள் இருந்த மாஸ்ரரின் தாயார், தொண்ணூறைத் தாண்டியவர், "மழை வருகுதடா, உடுப்பை எடுங்கோ!" என்று கத்திக்கொண்டு கொடிக்கு ஓடினார். நெடுந்தீவில் நல்ல தண்ணிக்குப் பட்ட பாடு தெரிந்த மனிசி. உடுப்பை எடுத்த கையோடு முற்றத்தில் இரண்டு வாளியும் வைத்துவிட்டார். நான் பாட்டை நிறுத்தியதும் மழையும் நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் விலை குறைக்கச் சொல்லிக் கேட்கிற துணிவு கொஞ்சம் குறைந்தது.

பிறகு விலை. என் வாய்ப்பாடு எளியது. அதே அளவில் ஒரு புதுச் சோடி இன்று கொழும்பில் என்ன விலை என்று பார். அதன் பாதிக்கு மேல் எந்தப் பழசுக்கும் கொடுக்காதே. அந்தப் பாதியிலிருந்து திருத்தச் செலவைக் கழி. திருத்த ஆள் கிடைக்காத ஊராக இருந்தால் மிச்சத்தையும் கழி. அப்படிப் பார்த்தால் மாஸ்ரரின் சோடிக்கு 40,000 ரூபா. கம்பனியின் பெயருக்கு ஒரு சதமும் போடக்கூடாது. பெயர் வூபருக்கு விளிம்பு மாற்றித் தராது.

மாஸ்ரர் 250,000 இலிருந்து ஒரே பாய்ச்சலில் 100,000 க்கு இறங்கினார். அது பேரம் அல்ல, சொந்தத்துக்காக. அதற்குக் கீழே அவர் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. விலையைக் குறைத்தால் விற்றவருக்கு மரியாதைக் குறைவு. ஆனால் சாமானைக் கூட்டிக் கொடுத்தால் கௌரவம். நான் இடப்பக்க விளிம்பைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு சாக்கு ஒடியல் கொண்டுவந்து வைத்தார். நான் இரைச்சலைச் சொன்னேன். ஒரு பெட்டி கருவாடு வந்தது. பல்லி முட்டையைச் சொன்னேன். பனங்கட்டிக் குட்டான் வந்தது. ருவீற்றரைப் பற்றி நான் வாயைத் திறந்தபோது அவர் முற்றத்துச் சேவலைத் துரத்திக்கொண்டிருந்தார். படகுக்கு நேரமானதால் சேவல் தப்பியது. மனைவி தந்துவிட்டது 60,000. மிச்சம் 40,000 ஐச் சித்திரைக்குள் தருவதாகச் சொன்னேன். "சொந்தத்துக்குள்ளை கணக்கு என்ன தம்பி" என்று சொல்லிக்கொண்டே மாஸ்ரர் அதைக் கொப்பியில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்.

வீட்டில் மனைவி ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. ஒடியலை அளைந்து பார்த்தாள், கருவாட்டை மணந்து பார்த்தாள், பனங்கட்டியில் ஒரு துண்டு கடித்தாள். மூன்றுக்கும் சந்தை விலையைப் போட்டுக் கூட்டி, கொடுத்ததிலிருந்து கழித்து, "அப்ப மிச்சக் காசு உந்தப் பெட்டியளுக்கோ?" என்று கேட்டாள். அவள் கணக்கிலும் நான் ஏமாந்த தொகை என் வாய்ப்பாட்டில் வந்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. நிபுணத்துவத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன். மிச்சம் 40,000 ஐப் பற்றி அன்றைக்கு நான் கதைக்கவில்லை.

இந்த வகை ஸ்பீக்கரைக் காதுயரத்தில், ஒரு மீற்றர் தூரத்தில், இரண்டு பெட்டியும் கேட்பவர் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூலைகளாக இருக்கும்படி வைக்க வேண்டும். முக்கோணத்தை அவளுக்கு வரைந்தும் காட்டினேன். ஒன்று பிரிட்ஜுக்கு மேலே போனது, மற்றது தையல் மெசினுக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் சமமாக நிற்கக்கூடிய இடம் கழுவுதொட்டிக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆகவே இப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டுக் கேட்கிறேன். நிற்கும் இடம் மிகச் சரியான இடம்.

இன்னொரு சங்கதி. படகில் பெட்டிகளும் கருவாடும் ஒரே தார்ப்பாய்க்குள் வந்தன. ஸ்பீக்கருக்குள் சத்தத்தை அமுக்க வைத்திருக்கிற பஞ்சு, மணத்தையும் நன்றாகவே அமுக்கி வைத்திருக்கிறது. பாஸ் அடிக்கும்போதெல்லாம் துளையால் காற்று வரும்; காற்றோடு கருவாடும் வரும். தவில் தனியாவர்த்தனம் தொடங்கினால் வீட்டுப் பூனை எங்கிருந்தாலும் வந்து தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து, மோரா கோர்வை முடியும்வரை அசையாது. வீட்டில் சங்கீதம் விளங்கிக் கேட்கிற சீவன் அது ஒன்றுதான் என்று வந்தவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊர்காவற்துறையில் ரேடியோ திருத்துகிற தம்பி ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "அண்ணை, பெட்டி அருமையான பெட்டி. உள்ளுக்கை கிடக்கிறதுகளுக்குத்தான் உங்கடை வயசு" என்றார். கப்பாசிற்றர்களை யாழ்ப்பாணத்தில் எடுத்து மாற்றினார், பெரிய செலவில்லை, "சுருதி" நின்றுவிட்டது. பெட்டிகள் மொத்தத்தில் வாங்கிய காசுக்கு மோசமில்லை. ஆனால் 40,000 க்கு மேல் பெறாது என்பதுதான் இன்றைக்கும் என் தீர்ப்பு. மிச்சமிருப்பது அந்த விளிம்பு மட்டும். அது இங்கே அளவுக்குக் கிடைக்கவில்லை.

ஆகையால், ஆனியில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கோ ஆவணியில் நல்லூருக்கோ வருகிற புலம்பெயர் உறவுகளுக்கு ஒரு விண்ணப்பம். எட்டு அங்குல வூபருக்கான விளிம்பு வளையம், ரப்பரில், இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேட்காது, அதனால் இரண்டு. எட்டு அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். கூம்பின் வெளிவிட்டமும் சட்டத்தின் உள்விட்டமும் கம்பனிக்குக் கம்பனி மாறும், நான் அளந்து அனுப்புகிறேன். பயணப்பெட்டியில் பாரமே வராது. சொக்கிலேற் இம்முறை வேண்டாம்.